பேரப்பிள்ளை கையில் பதக்கப் பெட்டி: கொடுக்கலாமா, என்ன சொல்லலாம்?

வாசகர் கேள்வி, 2 டிசம்பர் 2024

என் அப்பா 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் இருந்தவர். பதக்கங்களை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோ மேல் வைத்திருக்கிறார். என் மகனுக்கு ஒன்பது வயது. கொடி நாளுக்குப் பள்ளியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அந்த டப்பாவைக் கேட்டு அடம் பிடிக்கிறான். அப்பாவோ "எல்லாருக்கும் குடுத்ததுதான், எடுத்து உள்ள வை" என்று முடித்துவிடுகிறார். பையனிடம் கொடுக்கலாமா? எது எதற்குக் கொடுத்தது என்று எங்களுக்கே தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 டிசம்பர், இரவு

கொடுங்கள். கையிலேயே கொடுங்கள். கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவதெல்லாம் வேண்டாம்.

நான் ராணுவத்தின் எஞ்சினியர் படைகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன். 1968இல் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். 1971இல் மேற்கு எல்லையில் இருந்தேன். என் பேத்திக்கு இப்போது பத்து வயது. பள்ளியில் சேர்ந்த வருடத்திலிருந்தே என் பதக்கங்களைத் தொட்டு, எடை பார்த்து, தரையில் வரிசையாக அடுக்கி விளையாடியிருக்கிறாள். பதக்கத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் அப்பா சொல்வதை நான் பல மிலிட்டரிக்காரர் வீடுகளில் கேட்டிருக்கிறேன். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்த ஊர்கள் உண்டு. அங்கெல்லாம் தாத்தாக்களின் பேச்சு இதுதான். அவர்களுக்குப் பயம் ஒன்றே ஒன்று. பேரன் கேட்டதும் தன்னைப் பெரிய வீரனாக்கிப் பேச வேண்டிவருமோ, செய்யாததைச் செய்ததாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளுமோ என்று தயங்குகிறார்கள். அதனால் "என்ன செய்தீர்கள்?" என்று பையன் கேட்க வேண்டாம். "எங்கே இருந்தீர்கள் தாத்தா?" என்று கேட்கட்டும். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

3 டிசம்பர், காலை

எது எதற்கு என்று கண்டுபிடிக்கும் வழியை எழுதுகிறேன்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். நம் ராணுவத்தின் வட்டப் பதக்கங்களில் ஓரத்தைச் சுற்றி எழுத்து பொறித்திருப்பார்கள். படை எண், பதவி, பெயர், எந்தப் பிரிவு என்று இருக்கும். எழுத்து பொடியாக இருப்பதால் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். என் பேத்தி இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். ஒன்றில் 'எஸ்.பி.ஆர்.' என்று இருக்கும், அது சாப்பர். இன்னொன்றில் 'ஹெச்.ஏ.வி.', அது ஹவில்தார். "இதுல நீங்க சின்னவரு, இதுல பெரியவரு" என்று தானே பிரித்து வைத்தாள். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ரிப்பனில் குத்தியிருக்கும் பட்டை. கிளாஸ்ப் என்போம். சைன்ய சேவா மெடலில் அது இருக்கும், அதில் இடத்தின் பெயர் இருக்கும். என்னுடையதில் ஹிமாலயா. சிலருக்கு ஜம்மு காஷ்மீர், சிலருக்கு நேஃபா. அந்தக் காலத்து நேஃபாதான் இன்றைய அருணாசலப் பிரதேசம். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பையனைத் தேடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அப்பாவின் டிஸ்சார்ஜ் புக். பென்ஷன் காகிதங்களோடு எங்காவது இருக்கும். அவருக்கு உரிய பதக்கங்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். டப்பாவில் இருப்பதையும் புத்தகத்தில் இருப்பதையும் ஒத்துப் பாருங்கள். குறைந்தால் இங்கே எழுதுங்கள், அது தனிக் கதை.

3 டிசம்பர், மாலை

என் வரிசையைக் கேட்டிருக்கிறீர்கள். பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், சைன்ய சேவா மெடல், சுதந்திர வெள்ளி விழா மெடல், இருபது ஆண்டு சேவை, ஒன்பது ஆண்டு சேவை. நெஞ்சின் நடுப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக இதே வரிசையில்தான் குத்த வேண்டும்.

1971இல் மேற்கே இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார், கிழக்கே இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார். இரண்டும் ஐந்து முனை நட்சத்திரங்கள், பித்தளை போன்ற நிறம். போர் நடந்த இடத்திலேயே இருந்தால்தான் நட்சத்திரம். சங்கிராம் மெடல் அந்தச் சமயத்தில் படையில் எங்கே வேலை பார்த்தவர்களுக்கும் உண்டு. 1965 போர் என்றால் நட்சத்திரத்தின் பெயர் சமர் சேவா ஸ்டார், பரவலாகக் கொடுத்தது ரக்ஷா மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லாருக்கும் வெள்ளி விழா மெடல். ஆகவே உங்கள் அப்பா டப்பாவில் நட்சத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

5 டிசம்பர்

"இருந்ததற்கே கொடுத்த மெடல்கள்தானே, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கோபப்படாமல் பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்.

1971 டிசம்பர் 15 இரவு. பசந்தர் ஆறு, பாகிஸ்தானின் சக்கர்கர் பகுதி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் 54ஆவது காலாட்படை டிவிஷன். அக்கரையில் கால் ஊன்ற வேண்டியவர்கள் 16 மெட்ராஸ், 3 கிரெனடியர்ஸ் என்ற இரண்டு காலாட்படை பட்டாலியன்கள். அவர்களுக்குப் பின்னால் டாங்கிகள் போக வேண்டும். நடுவே கண்ணிவெடி வயல். டாங்கி போகும் அகலத்துக்கு அதில் வழி வெட்டிக் கொடுப்பது எங்கள் வேலை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் கம்பி மாதிரி இருக்கும் ப்ராடரைச் சாய்வாக மண்ணில் குத்திப் பார்க்க வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சாய்வாகக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும். தட்டினால் நிறுத்தி, விரலால் மண்ணை விலக்க வேண்டும். பஞ்சாப் டிசம்பர் இரவின் குளிரில் விரல் நுனிக்கு உணர்ச்சி இருக்காது. அடிக்கடி கையை வாய்க்குள் வைத்துச் சூடேற்றிக்கொள்வோம். சரிபார்த்த இடத்தின் ஓரத்தில் வெள்ளை நாடா போட்டுக்கொண்டே போக வேண்டும். இதற்கிடையில் எதிரியின் பீரங்கி குண்டு போட்டுக்கொண்டே இருக்கும். எழுந்து ஓட முடியாது, ஏனென்றால் சுற்றிலும் நாம் இன்னும் தொடாத மண்.

வழி முழுதாக முடிவதற்குள் அக்கரையிலிருந்து டாங்கி கேட்டுச் செய்தி வந்தது. 17 பூனா ஹார்ஸ் டாங்கிப் படையினர் பாதி வெட்டிய வயல் வழியாகவே டாங்கிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இருபத்தொரு வயது அருண் கேத்தர்பால் மறுநாள் அங்கேதான் உயிரை விட்டார். பரம் வீர் சக்கரம் அவருக்கு. எங்கள் எஞ்சினியர் தரப்பில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்தப் போரில் வழி வெட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று நடத்தி உயிர் விட்டார். மகா வீர் சக்கரம் அவருக்கு. 16 மெட்ராஸின் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய், அவருக்கும் இறந்த பிறகு மகா வீர் சக்கரம்.

மற்றவர்களுக்கு, அதாவது நாடா பிடித்தவன், ப்ராடர் குத்தியவன், தூக்குப்படுக்கை சுமந்தவன், டீ கொண்டுவந்த சமையல்காரன், எல்லாருக்கும் நீங்கள் சொல்லும் அந்த 'இருந்ததற்கான' நட்சத்திரம். இருந்தார்கள். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார்கள், நண்பரே.

6 டிசம்பர்

நேற்று எழுதியதை மகள் படித்துவிட்டு, "இவ்வளவு நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையேப்பா" என்றாள். சொல்லவில்லைதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் ஊரிலேயே இல்லை. லீவில் வரும்போது பிள்ளைகளோடு இருக்கத்தான் நேரம் இருந்தது, போரைப் பற்றிப் பேச இல்லை. ஓய்வு பெற்ற பிறகு வேலை தேடி செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டேன். பேரப்பிள்ளை வந்த பிறகுதான் உட்கார்ந்து பேச ஒரு ஆள் கிடைத்தது. கேள்வி கேட்ட நண்பரின் அப்பாவுக்கும் அப்படி இருக்கலாம். மகனிடம் சொல்லாதது பேரனிடம் வரும். உங்களுக்கு அதில் வருத்தம் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

7 டிசம்பர், கொடி நாள்

பையன் பள்ளியில் பேசியாகிவிட்டதா? ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. பதக்கத்தைப் பையன் சட்டையில் குத்தி அனுப்ப வேண்டாம். பதக்கத்துக்கு உரியவர் இடது மார்பில் அணிவார். அவர் மறைந்துவிட்டால் குடும்பத்தார் நினைவு நிகழ்ச்சிகளில் வலது மார்பில் அணியலாம். உயிரோடு இருக்கும் தாத்தாவின் பதக்கத்தை வேறு யாரும் அணிவது முறையில்லை. மாறுவேடப் போட்டிக்கு மெடல் கேட்டு என் வீட்டுக்கே ஆள் வந்திருக்கிறார்கள், நான் கொடுக்கவில்லை. பெட்டியோடு கையில் எடுத்துப் போய்க் காட்டட்டும். முடிந்தால் அப்பாவையே அழைத்துப் போங்கள்.

8 டிசம்பர்

இன்னொரு அன்பர் எழுதியிருக்கிறார்: "என் பேரன், 'முகுந்த் வரதராஜனுக்கு அசோகச் சக்கரம் கொடுத்தாங்க, உங்களுக்கு ஏன் இல்லை?' என்று கேட்டுவிட்டான். மனது கஷ்டமாகிவிட்டது."

கஷ்டப்பட வேண்டாம் சார். என் பேத்தியும் இதையே கேட்டாள், சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி. நான் சொன்னது இதுதான்: பதக்கத்தில் இரண்டு குடும்பம் இருக்கிறது. ஒன்று, ஒருவர் ஒரு நாளில் செய்த ஒரு காரியத்துக்கு. போர்க்களத்தில் என்றால் பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம். எதிரிப் படையோடு நடக்கும் போர் அல்லாத இடத்தில் அசோகச் சக்கரம், கீர்த்திச் சக்கரம், சௌர்யச் சக்கரம். முகுந்த் 2014இல் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் உயிர் கொடுத்தார், அதனால் அசோகச் சக்கரம். இரண்டாவது குடும்பம், அங்கே பணி செய்ததற்கு. தாத்தாவுடையது எல்லாம் இரண்டாவது.

"அப்ப உங்க ஆபீஸ்ல யாருக்குமே முதல் குடும்பம் இல்லையா?" என்றாள். ஆபீஸ் என்றுதான் சொல்வாள். உண்டு என்று சுபேதார் சுப்பிரமணியன் கதையைச் சொன்னேன். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். பிரிட்டிஷ் அரசின் வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களை மற்ற ரெஜிமெண்டுக்காரர்கள் எல்லாரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தம்பிகளில் அவர் எங்களுக்கெல்லாம் அண்ணன். பெங்களூரில் ரெக்ரூட்டாக இருந்தபோதே அந்தப் பெயரைக் காதில் போட்டுவிட்டார்கள்.

ரிப்பனைப் பார்த்தும் சொல்லலாம். பரம் வீர் சக்கரத்துக்கு ஊதா. வீர் சக்கரத்துக்குப் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. மகா வீர் சக்கரத்துக்குப் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. பேத்தி இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டாள். குடியரசு தின அணிவகுப்பு டிவியில் வந்தால் எனக்கு முன்னால் அவள் சொல்கிறாள்.

10 டிசம்பர்

சுத்தம் செய்வது பற்றி. புளி வேண்டாம். எலுமிச்சை வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பொடி வேண்டவே வேண்டாம். படையில் பெல்ட் பக்கிளுக்குப் போட்ட பழக்கத்தில் பிராஸோ பாலிஷ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க விளிம்பில் இருக்கும் பெயர் அழியும். பெயர் போனால் அப்புறம் அது கடையில் வாங்கிய மெடல் போலத்தான். உலர்ந்த மெல்லிய துணி போதும். கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும்.

ரிப்பன் வெயிலில் வெளுக்கும். நைந்துவிட்டால் புதிய ரிப்பன் மாற்றலாம், அதில் தவறில்லை. டெல்லி கண்டோன்மென்ட் கோபிநாத் பஜாரில் எல்லா ரிப்பனும் மெடலின் நகலும் கிடைக்கும். விழாவுக்கு நகலைக் குத்திக்கொண்டு அசலை வீட்டில் வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பிஸ்கட் டப்பா ஈரம் பிடிக்கும், நண்பரே. பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி மரப்பெட்டியில் வையுங்கள்.

11 டிசம்பர்

ஒரு தாய் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். "இந்தப் பதக்கத்தையெல்லாம் காட்டிப் பிள்ளைகள் மனதில் போரை ஏன் விதைக்கிறீர்கள்?"

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. நான் என்ன சொன்னேன் என்பதை வயதுவாரியாகச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். ஆறு வயதில் உலோகமும் ரிப்பனும் மட்டும். இது கப்ரோ நிக்கல், இது தங்கம் இல்லை, காதில் போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். எட்டு வயதில் ஆறு, குளிர், சர்க்கண்டா புல், டாங்கி. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் அந்தப் புல்லை அவளுக்குப் படம் வரைந்து காட்டினேன். இந்த வருடம் நண்பனைப் பற்றிச் சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். நாடாவின் மறு முனையைப் பிடித்திருந்தவன். திரும்பி வரவில்லை.

அதைக் கேட்டுவிட்டு அவள் கேட்ட கேள்விக்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. "அந்த வெடிய யார் பொதச்சா? நம்ம ஆளுங்களும் பொதப்பாங்களா?"

புதைப்போம். சாப்பர்களின் வேலையில் பாதி அது. சண்டைக்கு முன் எங்கள் பக்கத்து வயலில் நாங்களும் புதைத்தோம். என் கையால் புதைத்திருக்கிறேன். கோதுமை விதைத்த வயல் அது. வயலுக்குச் சொந்தக்காரர் ஊரைக் காலி செய்து மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டே புதைத்தோம். இதை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் கண்ணிவெடி என்பது எதிரி மட்டும் வைப்பது, தாத்தா எடுப்பவர் என்று அவள் நினைத்திருப்பாள். அது பொய். பதக்கத்தோடு பொய்யைச் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

11 டிசம்பர், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

அவள் அடுத்து கேட்டது, "பொதச்சத எல்லாம் எடுத்துட்டீங்களா?" வயலில் புதைக்கும்போது வரைபடம் போட்டு வைப்போம். எந்த அடையாளத்திலிருந்து எத்தனை அடி, எத்தனை வரிசை என்று எல்லாம் எழுதப்பட்டிருக்கும். போர் முடிந்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப எடுத்தோம். எதிரி வைத்ததற்கு வரைபடம் ஏது? தடவித் தடவித்தான் எடுக்க வேண்டும். போர் பதினைந்து நாளில் முடிந்தது. எடுக்கும் வேலை மாதக்கணக்கில் போனது. சண்டை நிறுத்தத்துக்குப் பிறகு வெடியில் கால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களும் உண்டு, மாடு தேடிப் போன கிராமத்துக்காரர்களும் உண்டு.

2001–02இல் எல்லையில் படைகளைக் குவித்த பராக்ரம் நடவடிக்கையின்போது எல்லை நெடுக மறுபடி புதைத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். அப்போதும் எடுக்கையில் சாப்பர்கள் உயிர் விட்டார்கள். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் 1997இலிருந்து பல நாடுகள் கையெழுத்துப் போட்டுவிட்டன. இந்தியாவும் பாகிஸ்தானும் இன்னும் போடவில்லை. போட வேண்டும் என்பது என் கருத்து. புதைத்தவன் சொல்கிறேன். இதைச் சொன்னால் என் படைக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்கிற பழைய தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் இதையேதான் சொல்வேன்.

12 டிசம்பர்

கிளிநொச்சியிலிருந்து எழுதிய சகோதரிக்கு நன்றி. உங்கள் அக்கா முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருக்கிறார் என்று படித்ததும் பேத்தியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். வெயிலில் முகக் கவசம் போட்டுக்கொண்டு மண்ணைச் சுரண்டும் அந்தப் பெண்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் டாங்கிக்கு வழி வெட்டினோம், அவர்கள் சனங்கள் வீடு திரும்ப வழி வெட்டுகிறார்கள். இலங்கை 2017இலேயே அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. உங்கள் அக்காவிடம் ஒரு பழைய சாப்பர் வணக்கம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

14 டிசம்பர்

சங்கிராம் மெடல் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்: போர் 1971 டிசம்பர் 17இல் நின்றுவிட்டதே, மெடலுக்கான காலம் ஏன் 1972 டிசம்பர் 20 வரை போகிறது?

நல்ல கேள்வி. துப்பாக்கி நின்றது 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு. ஆனால் படைகள் அவரவர் பிடித்த இடத்திலேயே இருந்தன. சக்கர்கரில் நாம் பிடித்த கிராமங்களில் நாம்தான் இருந்தோம். 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம். பிறகு எல்லைக் கோடு எங்கே என்று இரு தரப்பும் பேசி முடிக்க டிசம்பர் ஆனது. படைகள் பின்வாங்கி முடித்தது அந்த மாதம் 20ஆம் தேதி. ஆக அந்த மெடல் சண்டை போட்ட நாட்களுக்கு மட்டும் உரியதில்லை. வெடி எடுத்து, ரோடு போட்டு, பாலம் பிரித்து, பிடித்த ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த ஒரு வருடத்துக்கும் சேர்த்துத்தான். என் ஆறு மெடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரும் நட்சத்திரத்தைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள்.

16 டிசம்பர், விஜய் திவஸ் (1971 போரின் வெற்றி நாள்)

இன்று காலை ஊர்ப் பள்ளியில் கொடி ஏற்றச் சொன்னார்கள். மெடல் குத்திக்கொண்டு போனேன். பேத்திதான் குத்திவிட்டாள், வரிசை சரியாக இருந்தது.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். நண்பனின் ஊருக்கு அவளை அழைத்துப் போனேன். அவனுடைய தம்பி மகன் வீட்டில் பஸ்சிமி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரியப்பா தாத்தாவின் மெடல் என்று மட்டும் தெரியும். என் பேத்தி அவர்களை உட்கார வைத்து, இது மேற்கே இருந்ததற்கு, இது அந்த வருடம் முழுக்கப் படையில் இருந்தவர்களுக்கு என்று சொல்லிக்கொடுத்தாள். "ஆனா இந்தத் தாத்தா அந்த வருஷம் முழுக்க இல்லையே" என்றான் ஒரு பையன். அந்தச் சமயத்தில் படையில் இருந்தாலே போதும் என்று அவனுக்கு நான் பதில் சொன்னேன். சட்டத்தைக் கழற்றி மெடலை வெளியே எடுத்து, விளிம்பில் இருந்த பெயரை அவர்களையே படிக்க வைத்தேன். அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும் அந்த வீட்டில். அவன் எப்படிப் பாடுவான், எவ்வளவு சோறு சாப்பிடுவான், யாருடைய சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போய் அடி வாங்கினான் என்று சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

19 டிசம்பர்

மெடல் கிடைக்காதவர்கள், தொலைத்தவர்கள் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் காலத்தில் ரிப்பன் முதலில் வரும், மெடல் பல வருடம் கழித்து வரும். அதற்குள் ஆள் ஓய்வு பெற்றிருப்பார், வீடு மாறியிருப்பார். வந்த மெடல் திரும்பிப் போயிருக்கும். இப்படி உரிய மெடல் கைக்கே வராத குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே பல. டிஸ்சார்ஜ் புக் நகல், படை எண், பென்ஷன் ஆர்டர் நகல் வைத்து அந்தந்த ரெஜிமெண்டின் ரெகார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். வழி தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், மனு எழுத உதவுவார்கள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு ஓர் அலுவலகத்தில் "இவ்வளவு வருஷம் கழிச்சு மெடல் எதுக்குப் பெருசு?" என்று கேட்டார்களாம். கேட்கத்தான் செய்வார்கள். விடாதீர்கள். மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

மெடலை அடகு வைத்த, விற்ற குடும்பங்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லி மேலே யாரோ எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பென்ஷன் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

22 டிசம்பர்

முதல் கேள்வி கேட்ட நண்பர் கடைசியில் படம் அனுப்பிவிட்டார். மிகவும் சந்தோஷம்.

இடப்பக்கம் இருப்பது பூர்வி ஸ்டார். ஆக அப்பா கிழக்கே இருந்திருக்கிறார். வட்டப் பதக்கத்தின் விளிம்பில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று படிக்க முடிகிறது. டிஸ்சார்ஜ் புக்கில் 26ஆவது பட்டாலியன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் குல்னா பக்கம். சிராமணி என்ற இடத்தில் அந்தப் பட்டாலியன் போட்ட சண்டைக்காக ரெஜிமெண்டுக்குப் போர் மரியாதையே கொடுத்திருக்கிறார்கள். டாக்காவில் 16ஆம் தேதி சரணடைந்து கையெழுத்துப் போட்டபோதும் குல்னாவில் துப்பாக்கி ஓயவில்லை. அங்கே சரணடைந்தது 17ஆம் தேதி. பையனுக்கு இந்த ஒரு நாள் வித்தியாசத்தைச் சொல்லுங்கள். அப்பாவிடம் "என்ன செய்தீர்கள்" என்று கேட்க வேண்டாம், "சிராமணி எங்கே இருக்கிறது தாத்தா?" என்று வரைபடத்தை நீட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், படத்தில் சங்கிராம் மெடல் இல்லை. பூர்வி ஸ்டார் வாங்கியவருக்கு அதுவும் உரியதுதான். டப்பாவில் விழுந்து கிடக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள். இல்லையென்றால் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெகார்ட்ஸுக்கு எழுதுங்கள். மனுவில் கையெழுத்து அப்பாவுடையதாக இருக்க வேண்டும். படை எண்ணைப் பையனையே விளிம்பில் பார்த்து எழுதச் சொல்லி, டிஸ்சார்ஜ் புக்கோடு ஒருமுறை சரிபார்த்து அனுப்புங்கள்.